தபாலில் வந்த பட்டம்



சென்ற மாதம் பரமத்தி வேலூருக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தேன். வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. "பேத்திங்க சார், வீட்டிலிருந்தே எம்.பி.ஏ. படிக்குதுங்க. எல்லாம் ஆன்லைன்தானுங்க" என்றார் கடைக்காரர். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, ஒரு பழைய உறுத்தலும் வந்தது. ஏனென்றால் நான் வேலைக்குச் சேர்ந்த 1975-இல் "அவர் தபால் பி.ஏ. சார்" என்று சொன்னால் அது வசவு. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தபாலில் படிப்பது எப்படி வந்தது, அந்தப் படிப்புக்கு மரியாதை தேடித் தர யார் யார் உழைத்தார்கள், அதில் நம் காவிரிக்கரைக்காரர் ஒருவரின் பங்கு என்ன என்று எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்துப் பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பு முடிந்ததும் முதலில் போய் நின்ற இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் மாடி ஒன்றிலிருந்து அந்தத் தடதட சத்தம் கேட்கும். சுருக்கெழுத்து என்றால் பிட்மன். அந்த ஐசக் பிட்மன்தான் தபால் கல்விக்கும் முன்னோடி. இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னிக்கு நாடு முழுவதும் கடிதம் அனுப்பலாம் என்ற முறை வந்தது. உடனே பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். தபால் கட்டணம் மலிந்ததால் பிறந்த பள்ளிக்கூடம் அது. பிறகு வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் என்று எது மலிந்தாலும் கல்வி அதன்மேல் ஏறிக்கொண்டது.

இந்த வகைக் கல்வியில் ஈடுபட்டவர்கள் உலக அளவில் முதன்முதலாக ஒன்றுகூடியது 1938-இல். கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த அந்தக் கூட்டத்தில்தான் அனைத்துலக அஞ்சல்வழிக் கல்வி அவை பிறந்தது. பள்ளிக்கூடமே எட்டாத பண்ணைகளிலும் மலைப்பகுதிகளிலும் இருந்த குழந்தைகளுக்குப் பாடம் அனுப்பியவர்களே அதில் முக்கியமானவர்கள். நம்முடைய கொல்லிமலையை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்களின் கவலை புரியும்.

நம் நாட்டில் இது பல்கலைக்கழக அளவில் வந்தது 1962-இல். டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்விப் பள்ளியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் வந்து சேர்ந்தன. சேலம் மாவட்டத்துக்காரர்களாகிய நமக்கு மூன்றுமே தூரம்தான். ஆனால் தபால்காரர் எல்லா ஊருக்கும் வந்தார். பழுப்பு உறையில் புக் போஸ்ட்டில் பாடக் கட்டு வரும். படித்து, விடைத்தாள் எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறையில் சில நாள் தொடர்பு வகுப்பு. ஆண்டு முடிவில் தேர்வு. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க வேண்டும். ஜவ்வரிசி ஆலைக் கணக்குப்பிள்ளையும், லாரி ஆபீஸ் குமாஸ்தாவும், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்களும் இப்படித்தான் பட்டம் வாங்கினார்கள்.

எங்கள் பள்ளி ராசிபுரம் பக்கம். அங்கே இடைநிலை ஆசிரியர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். புகுமுக வகுப்பு முடித்ததும் அப்பா இறந்துவிட்டதால் கல்லூரிக்குப் போக முடியாமல் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவர். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, மதுரையில் தபால் படிப்பு தொடங்கியதும் சேர்ந்து பி.ஏ. வரலாறு முடித்தார். நானோ சேலம் அரசு கலைக் கல்லூரியில் படித்தவன். அது 1857-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

கல்வித் தொழில்நுட்பம் என்ற சொல்லை அன்று நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் காரியத்தை அவர் செய்துகொண்டிருந்தார். பள்ளியில் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. திருச்சி வானொலி 1939-இலிருந்தே இயங்கி வருவது நம் வாசகர்களுக்குத் தெரியும். அதன் பள்ளி ஒலிபரப்பு வரும் நேரத்தில் அவர் ரேடியோவை ஏழாம் வகுப்பு ஜன்னலில் வைப்பார். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் இன்று என்ன கேட்கப்போகிறோம் என்று சொல்வார். முடிந்த பிறகு பத்து நிமிடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடுவார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார். பேட்டரி தீர்ந்தால் தன் காசில் வாங்குவார். மற்ற பள்ளிகளில் ரேடியோ தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கல்வி நடந்துவிடும் என்ற நம்பிக்கை அரசாங்கங்களுக்கு எப்போதும் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக 6 மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். உலகமே வியந்த சோதனை அது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு நாடு தழுவிய வகுப்பறை என்ற நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. நல்ல நிகழ்ச்சிகள்தாம். ஆனால் ஜன்னலில் ரேடியோவை வைத்து முன்னும் பின்னும் பேச ஓர் ஆள் இல்லாவிட்டால் கருவி வெறும் பெட்டிதான் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். கற்றது பிந்தித்தான்.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆசிரியர்களின் பாட அமைப்பு ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். மாதிரிப் பாடம், பாடத்துணைக் கருவிக் கண்காட்சி, விடுமுறைப் பயிற்சி எல்லாம் நடத்தும். 1983-இல் அதற்குச் செயலாளர் தேர்தல் வந்தது. சிலர் இவர் பெயரைச் சொன்னார்கள். வேலை தெரிந்தவர், அலைய அஞ்சாதவர், கணக்கில் சுத்தம். நான் எழுந்து, "செயலாளர் என்பவர் கல்லூரி போய் முறையாகப் பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டும். நாளைக்கு வெளி ஆட்கள் வரும்போது தபாலில் படித்தவரையா முன்னால் நிறுத்துவது?" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதையே விதியாக எழுதிச் சேர்த்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். அவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். செயலாளர் பதவி எனக்கு வந்தது.

நான் அப்படிப் பேசுவதற்கு ஓராண்டுக்கு முன்பே உலகம் வேறு வழியில் திரும்பியிருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. 1938-இல் தோன்றிய அந்த அவை 1978-இல் புதுதில்லியில் தன் உலக மாநாட்டை நடத்தியது. அடுத்த மாநாடு 1982-இல் கனடாவின் வான்கூவரில். அங்கே தன் பெயரிலிருந்த 'அஞ்சல்வழி' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் 'தொலைநிலை' என்று மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அஞ்சல் என்பது பாடம் வந்து சேரும் வழியை மட்டும் சொல்கிறது. தொலைநிலை என்பது படிப்பவரின் நிலையைச் சொல்கிறது. ஒருவர் கல்லூரியிலிருந்து தொலைவில் இருக்கிறார். தூரம் காரணமாகவோ வறுமை காரணமாகவோ குடும்பம் காரணமாகவோ இருக்கிறார். அவரிடம் எந்த வழியில் போய்ச் சேர்வது என்பது நம் வேலை. ஒரு தொழிற்சங்கமோ அறிஞர் அவையோ தன் உறுப்பினருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அவர்கள் செய்யும் வேலைக்குச் சரியான பெயர் வைப்பது. நானோ அதே நேரத்தில் ராசிபுரத்தில் 'தபால்' என்ற சொல்லை வசவாக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சில ஆண்டுகளில் வேகம் கூடியது. ஆந்திராவில் 1982-இல் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதற்கும் அவரே முதல் துணைவேந்தரானார். 1987-இல் 2 பட்டயப் படிப்புகளும் 4528 மாணவர்களுமாக அது பாடம் நடத்தத் தொடங்கியது. மேலாண்மை ஒரு படிப்பு. தொலைநிலைக் கல்வியே மற்றொரு படிப்பு. கற்பிப்பவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று முதலிலேயே நினைத்தார்கள் பாருங்கள். அதே 1987-இல் ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து காமன்வெல்த் கல்வி அமைப்பை வான்கூவரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவின. தனித்தனியாகப் பாடம் அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் பார்க்கவும், ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளவும் இந்த அமைப்புகள் வழிசெய்தன.

1990-இல் அந்தத் தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தவர்தான் நம்மவர், டாக்டர் வா. செ. குழந்தைசாமி. 'வா' என்பது வாங்கலாம்பாளையம். கரூருக்குப் பக்கம். வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்தால் அவர் சீமை. 1929-இல் பிறந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நீர்வளத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெள்ளமாக ஆற்றில் வந்து சேரும் என்பதைக் கணக்கிடும் அவருடைய முறை, நீரியலில் அவர் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது. குலோத்துங்கன் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்காக ஓயாமல் வாதாடியவர். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பழமையைப் பிடித்துத் தொங்காத மனிதர் என்பதில் ஐயமில்லை.

அவர் 1978-79இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அஞ்சல்வழிக் கல்வியைத் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது என்பதை மேலே சொன்னேன். பிறகு 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தில். பொறியியல் கல்வியின் உச்சத்தில் இருந்தவர். மிகக் கடுமையாக வடிகட்டி மாணவரை எடுக்கும் இடத்திலிருந்து, யார் வந்தாலும் கதவைத் திறக்கும் இடத்துக்குப் போனார். இரண்டும் எதிரெதிர் என்று நினைத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார்.

அவர் அங்கே இருந்த 1990-94 காலத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. முதலாவது, 1991-இல் தொலைநிலைக் கல்விக் குழு அமைந்தது. அப்போது ஆந்திரா, ராஜஸ்தான், பீகார், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. பழைய பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழித் துறைகள் வேறு நாடெங்கும் பெருகியிருந்தன. இவற்றை ஒருங்கிணைப்பது, ஒன்று எழுதிய பாடத்தை மற்றொன்று பயன்படுத்தும்படி செய்வது, தரத்தை வகுப்பது ஆகியவை அந்தக் குழுவின் பொறுப்பு. இரண்டாவது, அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் பாடங்கள் தூர்தர்ஷனில் காலை நேரத்தில் வரத் தொடங்கின. காபி குடிக்கும் வேளையில் வீட்டுக்குள் பேராசிரியர் வந்தார். மூன்றாவது, 1993-இல் தொலைநிலைக் கல்விப் பணியாளருக்கான பயிற்சி, ஆய்வு நிறுவனம் ஒன்று அங்கே உருவானது. அதே ஆண்டு காமன்வெல்த் கல்வி அமைப்பு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொலைநிலைக் கல்வியின் உயர்சிறப்பு மையமாக அறிவித்தது.

இவை அவர் ஒருவரின் சாதனை என்று சொல்ல மாட்டேன். முன்னவர் போட்ட வரப்பில் பின்னவர் நீர் பாய்ச்சினார். ஒருங்கிணைப்பு, ஆள் பயிற்சி, அளவுகோல் ஆகிய மூன்றும்தான் ஓர் அமைப்பின் தலைமையில் இருப்பவர் செய்ய வேண்டியவை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. மாலை வாங்குவதும் மேடையில் நடு நாற்காலியில் உட்காருவதும் அதில் இல்லை. என் பன்னிரண்டு ஆண்டுச் செயலாளர் வாழ்வில் நான் அதிகம் செய்தவை அவைதாம்.

1993-இல் எனக்கு 42 வயது. பள்ளிக்கு வந்த ஓர் அறிக்கையைப் பார்த்து, தொலைநிலைக் கல்விப் பட்டயப் படிப்புக்கு அந்தத் தேசியப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தேன். இதென்ன பிரமாதம், ஊதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாடக் கட்டு வந்தது. பிரித்ததும் முதல் அதிர்ச்சி. அதில் ஆசிரியர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். சிறு சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "இதுவரை புரிந்ததா, எழுதிப் பார்" என்று இடம் விட்டிருந்தார்கள். கல்லூரியில் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்த எனக்கு இது புதிது. முதல் ஒப்படைப்பை ஒரே இரவில் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது 'சி' போட்டிருந்தார்கள். ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள். "மற்றவர் சொன்னதைச் சொல்கிறீர்கள். உங்கள் வகுப்பறையில் என்ன நடந்தது?" என்ற பொருளில் ஒரு வரி. முகம் தெரியாத ஒருவர் நான் எழுதியதை இவ்வளவு கவனமாகப் படித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

என் வகுப்பறையில் என்ன நடந்தது என்று யோசித்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலில் இருந்த அந்த மர்பி ரேடியோதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தை விட்டு அதைப் பற்றியே அடுத்த ஒப்படைப்பை எழுதினேன். மதிப்பெண் உயர்ந்தது. மனது தாழ்ந்தது.

அவர் அதற்குள் திருச்செங்கோடு பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "அண்ணா, 83-இல் நான் பேசினது தப்புங்க" என்றேன்.

"அதுக்கென்னுங் தம்பி, பத்து வருசமாச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தபால்ல படிக்கிறவனுக்கு ராத்திரி பதினோரு மணிக்குச் சந்தேகம் வந்தா கேக்க ஆளில்லீங். நானா மோதி மோதிப் படிச்சேன். அதனாலதான் பசங்களக் கேள்வி கேக்க உட்டேன். அதத்தான் நீங்க கொறையாச் சொன்னீங்க, அது மட்டும் கொஞ்ச நாள் வலிச்சுது" என்றார்.

1995-இல் அந்த விதியை நீக்க நானே தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது. செயலாளராக நிற்கும்படி அவரிடம் போய்க் கேட்டேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுதான் இருக்கிறது, இளைஞர் யாரையாவது போடுங்கள் என்று மறுத்துவிட்டார். விதியை எடுக்க முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டை அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் அந்தக் காலத்தில் பீரோவுக்குள் கிடந்த ரேடியோக்களையும் வெளியே எடுக்க முடியவில்லை. ஒரு அமைப்பின் தலைமையில் தவறான ஆள் இருந்தால் நட்டம் அந்த அமைப்புக்கு மட்டும் அல்ல என்று இப்போது சொல்கிறேன்.

பிந்தைய வரலாறு நண்பர்களுக்குத் தெரியும். 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. அதன் தொலைநிலைப் படிப்புகளும் பின்னர் வந்தன. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. குழந்தைசாமி அவர்களும் ஓய்ந்துவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கு வடிவம் கொடுத்ததில் அவர் முன்னின்றார். மொரீசியசிலோ கனடாவிலோ இருக்கும் தமிழ்க் குழந்தை வீட்டிலிருந்தே அகரம் படிக்கலாம் என்பது அதன் நோக்கம். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மின்னூலகத்தை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். 2002-இல் பத்மபூஷண் பெற்ற அவர், 2016 டிசம்பர் 10 அன்று மறைந்தார்.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று சொன்னால் பொய்யாகும். நடுவில் ஒரு காலம் தெருவுக்கு ஒரு படிப்பு மையம் என்று போர்டு தொங்கியது. எங்கோ உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே கட்டணம் வாங்கினார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் வராமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டங்கள் அரசு வேலைக்குச் செல்லாது என்ற நிலை 2009-இல் வந்தது. அதனால் பாதிக்கப்பட்ட பலர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். 2013-இல் தொலைநிலைக் கல்விக் குழுவைக் கலைத்து, அந்தப் பொறுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துக்கொண்டது. கதவைத் திறந்து வைப்பது ஒரு வேலை. அளவு பார்ப்பது ஒரு வேலை. ஒன்றை மட்டும் செய்தால் இரண்டும் கெடும். நான் 1983-இல் அளவு பார்ப்பதாக நினைத்துக் கதவைச் சாத்தினேன். பின்னால் வந்த சிலர் கதவைத் திறந்துவிட்டு அளவைத் தூக்கிப் போட்டார்கள். இரண்டு தவறுக்கும் விலை கொடுத்தவர்கள், இரவில் விழித்துப் படித்த அந்த மாணவர்களே.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. அப்போது நாடு முழுவதும் தொலைநிலை மாணவர்தான். முழுநேரக் கல்லூரி என்ற பேச்சே இல்லை. என் பேரன் ஒரு மூலையில் கைபேசியோடு உட்கார்ந்து, "தாத்தா, சந்தேகம் கேட்டா மிஸ்ஸுக்குக் கேக்கறதில்ல" என்று அழுதான். திருச்செங்கோட்டுத் திண்ணையில் கேட்ட அதே வார்த்தை. அன்றிலிருந்து அந்த ஆண்டு முழுவதும் அவன் வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம், பின் பத்து நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன்.

அந்த முறையைக் கண்டுபிடித்தவர் இப்போது இல்லை. அவர் மகன் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வானொலி நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க" என்றார். அட்டை கிழிந்திருக்கிறது. உள்ளே தேதி, நிகழ்ச்சியின் தலைப்பு, எத்தனை பிள்ளைகள், யார் என்ன கேட்டார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறார். 1976 ஜூலையில் ஒரு பக்கத்தில், மழை எப்படி வருகிறது என்ற நிகழ்ச்சிக்குக் கீழே ஒரு பையனின் கேள்வி இருக்கிறது: "பெய்யற மழையெல்லாம் ஆத்துக்குப் போக எத்தன நாளாகும் சார்?" பதில் எழுதும் இடத்தில், "தெரியவில்லை. விசாரித்துச் சொல்ல வேண்டும்" என்று குறித்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடை கண்டு பெயர் பெற்றவர் ஆற்றுக்கு அக்கரைக்காரர் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நம் வாசகர்களில் தபாலில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பழைய பாடக் கட்டோ, திருத்தி வந்த விடைத்தாளோ பரணில் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எங்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் படித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை நான் கவனமாகப் படிக்கிறேன்.